புதிய மகிந்திரா தார் ஜீப்புக்கு முதலில் என்ன வாங்குவது? வேலூர்ப் பாதைகளில் பயன்படுத்திப் பார்த்த கருவிகளின் மதிப்பீடு

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியைப் புதிதாக வாங்கியவருக்கு முதல் மாதத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை தெருவில் நிற்பவர் கண்ணில் படும் பொருள்களைப் பற்றியவையாகவே இருக்கின்றன. கூரை மேல் விளக்குப் பட்டை, இரும்பு பம்பர், வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட், பெரிய டயர், எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்க்கல் என்று கடைக்காரர் ஒரு பக்கமும் நண்பர்கள் மறுபக்கமும் அடுக்கிக்கொண்டே போவார்கள். வேலூர் மாவட்டத்திலும், அதிலிருந்து 2019இல் பிரிந்த ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலும் ஓட்டிப் பார்த்த அளவில் என் முடிவு வேறு. இந்தப் பகுதியில் புதிய வண்டி ஒன்று பாதையில் நின்றுபோகிறது என்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் உயரக் குறைவும் அல்ல, வெளிச்சக் குறைவும் அல்ல. டயரில் காற்று வேண்டியதைவிட அதிகமாக இருப்பதும், சிக்கிய வண்டியை முறையாக வெளியே எடுக்கத் தேவையான பொருள் கையில் இல்லாததும்தான். ஆகவே இந்த மதிப்பீட்டில் காற்று, மீட்புக் கயிறு, டயர், அடித்தகடு ஆகிய நான்கைப் பற்றி விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன். எல்லாம் நான் காசு கொடுத்து வாங்கியவை, அல்லது நண்பர்களின் வண்டிகளில் பயன்படுத்திப் பார்த்தவை.

என் வண்டி 2.2 லிட்டர் டீசல் எஞ்சினும் 18 அங்குலச் சக்கரமும் கொண்ட மகிந்திரா தார். 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இந்த வடிவத்திற்கு நிறுவனம் சொல்லும் தரை இடைவெளி 226 மி.மீ.; கடக்கக்கூடிய நீரின் ஆழம் 650 மி.மீ., அதாவது இரண்டடிக்குச் சற்று மேல். 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னியின் தரை இடைவெளி 210 மி.மீ.; எடையில் அது தாரைவிட மிகவும் குறைவு என்பதால் மணலில் அதற்குத் தனி வசதி உண்டு. ஃபோர்ஸ் கூர்க்காவிலோ முன், பின் இரு அச்சுகளுக்கும் டிஃபரன்ஷியல் லாக் (அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு), ஸ்நார்க்கல் எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்தி வருகின்றன. இந்த மூன்றுமே, வாங்கிய அன்றைக்கு இருக்கும் நிலையிலேயே, புதிய ஓட்டுநரின் திறமைக்கு மேல் போகக்கூடியவை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2023 ஜனவரி முதல் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள தாரும் விற்கிறது. அதை வாங்கியவர்கள் எவ்வளவு செலவழித்து லிஃப்ட் செய்தாலும் அது நான்கு சக்கர இயக்கமாக மாறாது. ஆனால் கீழே காற்றைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும் சொல்வது அவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

நம் பகுதியின் நிலத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது; அதற்குள் இறங்கி மறுகரை ஏறும் வண்டித்தடங்களில் மேல்மணல் காய்ந்து பொடியாக இருக்கும். ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கமும், அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் பக்கமும், சாலையை விட்டு விலகினால் உருண்டைக் கற்களும் மழைநீர் அரித்த பள்ளங்களும் வரும். (ஜவ்வாது மலையின் பெரும்பகுதி காப்புக்காடு; வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே வண்டியை விடுவது குற்றம். ஊர்ப்பாதைகளே பழகுவதற்குப் போதுமானவை.) சமவெளியில் ஏரிக்கரைகளை ஒட்டி வேலிகாத்தான் புதர்கள். அதன் முள் காய்ந்துவிட்டால் ஆணியைப் போல டயருக்குள் இறங்கும். மணல், கல், முள் ஆகிய மூன்றிலும் முதலில் அடி வாங்குவது டயர்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிறது என்று பலரும் சொல்வார்கள். அகலம் சிறிதளவே கூடுகிறது. தரையில் படியும் பகுதி நீளவாக்கில்தான் நன்றாக நீள்கிறது. அந்த நீளம் வண்டியின் எடையை மணல்மேல் பரப்புவதால் சக்கரம் தோண்டிக்கொண்டு இறங்காமல் மேலே மிதந்து போகிறது. கற்பாதையில் வேறொரு பயன்: இறுக்கமான டயர் கல்லின் மேல் ஏறித் துள்ளி இறங்கும் இடத்தில், தளர்ந்த டயர் கல்லைச் சுற்றி அமுங்கிப் பிடித்துக்கொள்கிறது, உள்ளே இருப்பவர்களின் முதுகும் தப்புகிறது. மலைப்பாதையில் 22 முதல் 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரையிலும், பாலாற்று மணலில் 18 வரையிலும் குறைப்பது என் வழக்கம். 15க்குக் கீழே போனால், வேகமாகத் திருப்பும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. குறைந்த காற்றில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கெட்டுவிடும். ஒடுகத்தூரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நான் வால்வை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, “இன்னா சார், நல்லா கீற டயர்ல காத்த எறக்கிக்கினு போறீங்க” என்று கேட்டது அவருடைய பார்வையில் நியாயமே. மேலே போகக் காற்றை இறக்கியவர் கீழே வந்ததும் ஏற்றிக்கொண்டுதான் நெடுஞ்சாலையில் கால் வைக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவர் இறக்காமல் இருப்பதே மேல்.

ஆகவே முதல் செலவு காற்றடிக்கும் கம்ப்ரெஸர். நான்கு நல்ல டயர்களின் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாத பொருள் இது. சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய வகை. காருக்காகச் செய்யப்பட்ட இவை 10 ஆம்பியர் அளவு மின்சாரத்தில் ஓடுவதால் அந்தத் துளையின் ஃப்யூஸ் தாங்கும். ஆனால் என் தாரில் உள்ள 255/65 ஆர்18 போன்ற பெரிய டயரை 18இலிருந்து முப்பதுக்கு மேல் கொண்டுவர நெடுநேரம் பிடிக்கும். நண்பரின் வண்டியில் இருந்த இத்தகைய கருவி ஒன்று, சித்திரை வெயிலில் மூன்றாவது டயரின் நடுவே சூடேறித் தானாக நின்றுகொண்டது. அது கருவியின் பாதுகாப்பு ஏற்பாடுதான், பழுது அல்ல. என்றாலும் ஆறும் வரை வெயிலில் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது வகை, பேட்டரி முனைகளில் நேரடியாகக் கவ்வும் இரட்டை சிலிண்டர் கம்ப்ரெஸர். இது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும் என்பதால் லைட்டர் துளையில் செருகவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டுத்தான் இயக்க வேண்டும். நான் வாங்கியது இரண்டாவது வகை. நான்கு டயர்களையும் இடைவிடாமல் நிரப்பி முடிக்கிறது. சத்தம் பெரியது, தரையில் வைத்தால் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டே போகிறது. அடியில் ஒரு பழைய கால்மிதியைப் போட்டுவிடுகிறேன். குழாயின் முனையில் உள்ள பித்தளைத் திருகு இரண்டாவது டயர் முடிவதற்குள் விரலைச் சுடும் அளவுக்குச் சூடாகிவிடுகிறது, ஆகவே கையுறை அவசியம். வாங்கும்போது பெட்டியின் மேல் எழுதியுள்ள அதிகபட்ச அழுத்தத்தைப் பார்க்க வேண்டாம், 150 பி.எஸ்.ஐ. யாருக்கும் தேவையில்லை. நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்று, எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடலாம் என்ற இரண்டு எண்கள்தான் பயனுள்ளவை.

கம்ப்ரெஸரோடு இணைந்து வரும் அழுத்தமானியை நான் நம்புவதில்லை. ஓடும்போது ஒன்று காட்டும், நிறுத்தினால் வேறொன்று காட்டும். தனியாக ஒரு நல்ல அழுத்தமானி வாங்கிக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரி. வேலூரின் கோடையில் இது சிறிய விஷயமல்ல. வெப்பம் ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. போலக் கூடுகிறது, 40 டிகிரியைத் தாண்டும் மதியத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையில் வாணியம்பாடி வரை போய் வந்தபின் பார்த்தால் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு பயந்து காற்றைத் திறந்துவிடுபவர்கள் மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புகிறார்கள். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது.

இதோடு சேர்த்து வாங்க வேண்டியது ட்யூப்லெஸ் பஞ்சர் கிட். வேலிகாத்தான் முள் டயரின் நடுப்பகுதியில் ஏறினால், முள்ளைக் குறட்டால் பிடுங்கி, துளையை அரத்தால் சீராக்கி, பசை தடவிய ரப்பர்த் திரியைச் செருகிவிடலாம். ஊர் வந்து சேர்ந்ததும் உட்புறம் காளான் வடிவப் பேட்ச் போட்டுக்கொள்வது நல்லது. முறிந்த முள்ளின் நுனி உள்ளேயே தங்கிவிடும் என்பதால் விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டே திரியைச் செருக வேண்டும். பக்கச்சுவரில் ஏறிய முள்ளுக்கு இது மருந்தல்ல, ஸ்டெப்னிதான். மாற்றும்போது ஜாக்கி மணலில் புதையும். ஓரடிச் சதுரமான கனத்த மரப்பலகை ஒன்றை மரப்பட்டறையில் வெட்டி வாங்கி வண்டியிலேயே போட்டு வைத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது. கடையில் இதற்கென்று தனியாக விற்கும் பிளாஸ்டிக் அடிப்பலகை அதைவிட எந்த வகையிலும் மேலானதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது மீட்புக் கருவிகள். இங்கேதான் கடைகளில் ஏமாறும் வாய்ப்பு அதிகம், ஏமாந்தால் உயிருக்கே ஆபத்து. பழுதான காரைக் கட்டி இழுக்கும் பட்டைக்கும், புதைந்த வண்டியைப் பிடுங்கி எடுக்கும் கைனடிக் கயிற்றுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. முன்னது பெரும்பாலும் பாலியெஸ்டர், அது நீளாது. பின்னது நைலான், சுமை ஏறும்போது தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீண்டு, பிறகு சுருங்கும் விசையால் வண்டியை உருவி எடுக்கிறது. நீளாத பட்டையைக் கட்டிக்கொண்டு வேகமெடுத்து இழுத்தால் கொக்கி பிய்த்துக்கொண்டு துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும். ஊரில் ஒரு கடையில், கொக்கி தைத்த மஞ்சள் பட்டையை மீட்புப் பட்டை என்றே சொல்லிக் கொடுக்கப் பார்த்தார்கள். அதில் எந்த நூல் என்றும் இல்லை, எத்தனை டன்னில் அறும் என்றும் இல்லை, “8 டன்” என்ற அச்சு மட்டும் இருந்தது. லேபிளில் நைலான் என்பதும், குறைந்தபட்ச அறுபடு வலிமை என்பதும் தெளிவாகத் தைக்கப்பட்டிருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். அந்த வலிமை வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருந்தால் போதும். ஆளும் சாமானும் ஏறிய தார் இரண்டு டன்னைத் தாண்டும் என்பதால் எட்டு டன் கயிறு பொருத்தமானது. கனமான வண்டிக்கென்று செய்த தடித்த கயிற்றை ஜிம்னிக்கு வாங்கினால் அது போதிய அளவு நீளாமல் நைலானின் பயனே போய்விடும்.

கயிற்றை வண்டியின் கொக்கியோடு இணைக்கும் வளையமான ஷேக்கிளை வாங்கும்போது அதன் உடம்பிலேயே பொறித்த எண்ணைப் பாருங்கள். முக்கால் அங்குல பவ் ஷேக்கிளுக்கு 4.75 டன் என்பது உலகெங்கும் உள்ள பணிச்சுமை அளவு; அந்த எண்ணே இல்லாத வழுவழுப்பான பொருள் பந்தல்காரருக்கு ஆகலாம், நமக்கு ஆகாது. கனம் குறைந்த நார்ச் ஷேக்கிள் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அறுந்தாலும் இரும்பைப் போலப் பறந்து அடிக்காது என்பதால் நான் அதையே விரும்புகிறேன். கூரிய விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அதற்குத் தேவை. கயிற்றை மாட்டும் இடம் வண்டியின் அடிச்சட்டமான சாசியோடு போல்ட் செய்த கொக்கியாக இருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் குண்டில் ஒருபோதும் மாட்டக் கூடாது. அந்தக் குண்டு முறிந்து பறந்து ஆள் இறந்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் நனைத்த கோணிப்பையைப் போடுவதும், பார்க்க வந்தவர்களைக் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு விலக்கி நிறுத்துவதும் சலிப்பான வேலைதான். நம் ஊரில் வண்டி சிக்கினால் கால்மணி நேரத்தில் கூட்டம் கூடிவிடும் என்பதால் இரண்டாவது வேலைக்கென்றே ஒருவரை நியமிக்க வேண்டியிருக்கிறது.

கிராமங்களில் உதவிக்கு வருவது இன்னொரு தார் அல்ல, டிராக்டர். டிராக்டர் மெதுவாகவும் சீராகவும் இழுக்கும் வண்டி. அதற்குக் கைனடிக் கயிறும் வேகமும் வேண்டாம். தொய்வில்லாமல் கட்டி, முதல் கியரில் நகரச் சொன்னால் போதும். டிராக்டர்க்காரர்கள் சங்கிலியைத் தயாராக வைத்திருப்பார்கள். ஆனால் அதை நம் வண்டியின் அச்சிலோ சஸ்பென்ஷன் கையிலோ சுற்றிக் கட்டுவதுதான் அவர்கள் வழக்கம். நம்முடைய கொக்கியையும் ஷேக்கிளையும் காட்டி, அதில் மாட்டும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்வது அவசியம்.

மண்வெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மடக்கிப் பையில் வைக்கும் ராணுவ மாதிரிச் சிறு மண்வெட்டி அழகாக இருக்கிறது. கூழாங்கல் கலந்த மணலில் அதன் கீல் வளைந்துவிடுகிறது. கொல்லர் பட்டறையில் அடித்த சாதாரண மண்வெட்டியின் காம்பைச் சற்றுக் குட்டையாக வெட்டி வைத்துக்கொண்டால் அதில் பாதி விலையில் இருமடங்கு வேலை நடக்கும். ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் பழைய மகிந்திரா ஜீப்புகளை ஓட்டும் ஓட்டுநர்களிடம் நான் கண்ட உபகரணம் முழுவதும் ஒரு மண்வெட்டி, ஒரு வடம், சக்கரத்துக்கு அண்டைக் கொடுக்க ஒரு கட்டை, அவ்வளவே. ஏற்றத்தில் நிற்கும் முன்பே கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போடுவதையும், பள்ளத்தை முதலில் இறங்கி நடந்து பார்த்து அதில் கல் நிரப்பிவிட்டே வண்டியை விடுவதையும் கூர்ந்து கவனித்தால் பயிற்சி வகுப்பில் கற்பதில் பாதி வந்துவிடும். மீதிப் பாதிக்கு, மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் மகிந்திரா நடத்தும் பயிற்சிக் களம் போன்ற இடங்கள் உண்டு. விளக்குப் பட்டைக்கு வைத்திருக்கும் பணத்தை அங்கே செலவழிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

டயரை மாற்றுவது பற்றி. 18 அங்குலச் சக்கரத் தாரில் தொழிற்சாலையிலிருந்தே, சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர்தான் வருகிறது. அது தேய்ந்து முடியும்வரை ஓட்டுவதே என் பரிந்துரை; புதிய டயரைக் கழற்றிப் பாதி விலைக்குக் கடையில் விட்டுவருவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஜிம்னியில் வரும் 195/80 ஆர்15 டயர் சாலைக்கேற்றது, அங்கே மட்டும் மாற்றுவதில் பயன் உண்டு. 215/75 ஆர்15 போட்டால் விட்டம் 693 மி.மீ.யிலிருந்து சுமார் 704 மி.மீ. ஆகிறது, ஒன்றரை சதவீத வித்தியாசம், வேகமானியும் கியரும் அதைப் பொறுத்துக்கொள்ளும். தாருக்கு 255/70 ஆர்18 போட்டால் விட்டம் 789இலிருந்து 814 மி.மீ. ஆகும், தரை இடைவெளியில் கிடைப்பது அதில் பாதி, அதாவது 13 மி.மீ. மட்டுமே, ஆனால் வேகமானி 100 காட்டும்போது வண்டி 103இல் போய்க்கொண்டிருக்கும். சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயர் நம் பகுதிக்கு வேண்டாம். களிமண் சேறு நமக்கு ஆண்டில் சில வாரங்கள்தான். மீதி நாளெல்லாம் நெடுஞ்சாலையில் அதன் இரைச்சலையும் ஈரச்சாலையில் நீளும் பிரேக் தூரத்தையும் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை இருப்பதால் நம் மாவட்டங்களில் டயர் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். டீலர் விலையில் அப்படி எந்தச் சலுகையையும் நான் காணவில்லை. எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் அடுக்கி வைத்த பழைய இருப்பை அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

பொருளைப் போலவே கடையின் வேலையும் மதிப்பிடத்தக்கது. வேலூரில் நான் வாடிக்கையாகப் போகும் டயர் கடையில், சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி முடித்துவிடாமல் கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், குறுக்கு வரிசையில் இறுக்குகிறார்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் திரும்ப வந்து சரிபார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இதைச் செய்யாத கடைகளில் இறுக்கிய நட்டை மலைப்பாதையில் நின்று கையால் கழற்ற முடியாது. நான் அந்தக் கடையைவிட்டு மாறாததற்கு அதுவே காரணம், விலை அல்ல. அக்சசரீஸ் கடைகளைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. சீட் உறைக்கும் குரோம் பட்டைக்கும் அங்கே பஞ்சமில்லை. மீட்புக் கருவிகளோ எப்போதும் “ஆர்டர் போட்டு வரவழைக்கலாம்” என்ற நிலைதான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் பெங்களூரு ஜே.சி. சாலையும் நமக்கு இரு பக்கமும் சில மணி நேரத் தொலைவில் இருப்பதால், கயிறு, ஷேக்கிள் போன்றவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க ஒருநாள் ஒதுக்குவது வீண்போகாது.

வண்டியின் அடிப்பகுதியைக் காக்கும் ஸ்கிட் பிளேட்டில் உள்ளூர்ப் பட்டறை வேலை ஆயத்தப் பொருளை வென்றுவிட்டது என்றே சொல்வேன். ராணிப்பேட்டையில் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலையைச் சார்ந்து வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் தகடு வெட்டுவதும் மடிப்பதும் அன்றாட வேலை. அட்டையில் அளவெடுத்து, சாசியில் ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே போல்ட் வருமாறு, புதிய துளையோ வெல்டிங்கோ இல்லாமல் செய்து தந்தார்கள். 4 மி.மீ. இரும்பில் ஒரு மீட்டர் நீளம், எழுபது சென்டிமீட்டர் அகலத் தகடு 22 கிலோ வரும். அதே அளவை 6 மி.மீ. அலுமினியத்தில் செய்தால் 11 கிலோதான், விலை கூடுதல். நான் இரும்பையே எடுத்தேன். கல்லில் உரசினால் அலுமினியம் கல்லைக் கவ்விக்கொள்ளும், இரும்பு வழுக்கிப் போகும். எஞ்சின் ஆயில் திறப்புக்கு நேராகத் துளை விடச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தகட்டைக் கழற்ற வேண்டும், சர்வீஸ் சென்டரில் அதற்கும் கூலி போடுவார்கள். ஒரு குறை உண்டு: தகட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் மணல் சேர்கிறது, ஆற்றுக்குள் போய் வந்தால் தண்ணீர்ப் பீய்ச்சி அடித்துக் கழுவ வேண்டும்.

இனி, இப்போது வேண்டாம் என்று நான் கருதுபவை. கூரை விளக்குப் பட்டையின் வெளிச்சம் புழுதியிலும் பனியிலும் பட்டுத் திரும்பி ஓட்டுநரின் கண்ணிலேயே விழுகிறது. பானட்டின் மேல் ஒரு வெள்ளைப் படலம் தவிர எதுவும் தெரியாது. சாலையில் அதை மூடி வைக்க வேண்டும் என்பது வேறு. ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. இருளை நம்பி இயங்கும் அந்த மலையில் இத்தகைய விளக்கோடு சுற்றுவது அநாகரிகமும்கூட. ஸ்நார்க்கல் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் காக்குமே தவிர, வண்டி மிதந்து அடித்துச் செல்லப்படுவதைத் தடுக்காது. தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடும்போது எந்த வண்டியாக இருந்தாலும் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். லிஃப்ட் கிட் வண்டியின் உடலைத்தான் உயர்த்துகிறது, பின் அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த உயரத்திலேயே இருக்கிறது. எடைமையம் மேலேறுவதும் டிரைவ் ஷாஃப்டின் கோணம் மாறுவதும் உபரி. வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் மின்கருவியான வின்ச் தனியாகப் பயணிப்பவருக்குப் பயனுள்ளது. ஆனால் அதற்கு பம்பர், பேட்டரி, பயிற்சி என்று செலவு தொடரும், முதல் ஆண்டில் தேவையில்லை. தோல் சீட் உறையும் அப்படியே. ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருக்கும்போது தோல் வேண்டாம் என்று சொல்வது ஊர்த்துரோகம் போலத் தோன்றலாம், ஆனால் மே மாதத்தில் வெயிலில் நின்ற வண்டிக்குள் ஏறி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இரும்பு பம்பரையும் புல் பாரையும் பொறுத்தவரை சட்டமே விடை சொல்லிவிட்டது. முன்புற கிராஷ் கார்டுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது; மோதலின்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய இடத்தில் அந்த இரும்பு அதைக் கெடுக்கிறது, ஏர்பேக் விரியும் நேரமும் மாறக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். காற்றும் கயிறும் மண்வெட்டியும் இந்தச் சட்டங்கள் எதிலும் சிக்குவதில்லை, வாரண்டியையும் தொடுவதில்லை. மின்சார இணைப்பு எதையாவது வெட்டி ஒட்டினால்தான் வாரண்டியில் தகராறு வருகிறது. கம்ப்ரெஸரைப் பேட்டரியில் கவ்வவிட்டு எடுத்துவிடுவதை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவை எல்லாவற்றையும் பின்னால் வைக்கும்போது கட்டி வைக்க வேண்டும். கம்ப்ரெஸர், ஷேக்கிள், மண்வெட்டி, பலகை எல்லாம் சேர்ந்து இருபது கிலோவுக்குக் குறையாது. திடீரென பிரேக் பிடித்தால் அது முன்னிருக்கைக்கு வரும். ஒரு தகரப் பெட்டியும் இரண்டு ராட்செட் பட்டைகளும் போதும், பின்னிருக்கையின் கால்களில் கட்டிக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஸ்கிட் பிளேட்டின் பில்லை இணைத்து, கூடுதல் பாகமாகப் பதியும்படி எழுதிக் கொடுத்தேன். பிரீமியத்தில் கூடியது சொற்பத் தொகை. எஞ்சினுக்குள் நீர் புகுந்து ஏற்படும் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்பதில்லை என்பதால் எஞ்சின் பாதுகாப்பு இணைப்பையும் அதே நேரத்தில் சேர்த்துக்கொண்டேன்.